பழைய டபுள் பேரல் துப்பாக்கிய பிராசோ, டபிள்யூடி 40 போட்டு பாலிஷ் பண்ணலாமா?

கேள்வி கேட்ட தம்பி சொல்றது இதான். அப்பா பேர்ல லைசன்ஸ் இருக்க 12 போர் டபுள் பேரல், வீடு ராயபுரம், உப்புக் காத்துல பேரல் மேல பழுப்பா புள்ளி புள்ளியா வருது, வீட்ல கெடக்குற பிராசோவோ பைக்குக்கு வாங்குன ஆல் இன் ஒன் பாலிஷோ போட்டு தேய்ச்சா பளபளன்னு ஆயிடுமா? ஆயிடும் தம்பி. அதான் பிரச்சனையே.

நான் துப்பாக்கி ஆள் கிடையாது, வியாசர்பாடி பக்கம் ஒரு பிளேட்டிங் பட்டறைல பிளாக்கோடைசிங், அதாவது இரும்ப கருப்பாக்குற தொட்டிகிட்ட நிக்குறவன். ஆனா அந்த பேரல்ல இருக்க நீலம் கலந்த கருப்பு எங்களுக்கு நல்லாவே தெரிஞ்ச கருப்பு. அது பெயிண்டு இல்ல, மேல ஒட்டுன எதுவும் இல்ல, இரும்போட மேல்பரப்பே மேக்னடைட்டுங்கற கருப்பு இரும்பு ஆக்சைடா மாறி நிக்குது. கெமிஸ்ட்ரில பாத்தா அதுவும் துரு குடும்பம்தான், சிவப்புத் துரு பொரிஞ்சு உதிரும், இது கெட்டியா புடிச்சுக்கும். தடிமன் மைக்ரான் கணக்கு, தலைமுடில இருபதுல ஒரு பங்கு இருந்தாலே பெருசு. இப்ப யோசி, துருவ எடுக்கன்னே செஞ்ச பாலிஷுக்கு எது நல்ல துரு எது கெட்ட துருன்னு எப்படி தெரியும், ரெண்டையும்தான் வழிச்சு எடுக்கும்.

பிராசோல தேய்க்கிற பவுடரும் இருக்கு அமோனியாவும் இருக்கு, என்சிசி பசங்க பெல்ட் பக்கிளுக்கு போடுற பித்தளை சமாச்சாரம் அது. பேரல்ல போட்டா துணி கருப்பா வரும், நம்மாளு அழுக்கு போகுதுன்னு குஷியாகி இன்னும் அழுத்துவான், போறது அழுக்கு இல்ல. புளி, எலுமிச்சை, வினிகர், துரு எடுக்குற ஆசிட் லிக்விட், இதெல்லாம் இன்னும் வேகமா அந்தக் கருப்ப கரைக்கும். நம்பிக்கை இல்லன்னா செம்புதாஸ் தெருல கருப்பு ஆலன் போல்ட் ஒண்ணு வாங்கு, அதுலயும் பெரும்பாலும் இதே கருப்புதான், உன் பாலிஷ அதுல தேய்ச்சு பாரு, வெள்ளை இரும்பு தெரிஞ்சா அந்த டப்பாவ துப்பாக்கி பக்கமே கொண்டு போகாத. பத்து ரூவா செலவுல பதில் கெடைச்சிடும்.

துப்பாக்கி கருப்பா இல்லாம வெள்ளையா மின்னுனா அது நிக்கல் பூச்சா இருக்கலாம். அங்கயும் அமோனியா வேணாம், ஏன்னா நிக்கலுக்கு அடியில பல தடவை காப்பர் போட்டிருப்பாங்க, ஊசி ஓட்டை வழியா அமோனியா இறங்கி காப்பர தின்னுட்டா மேல இருக்க நிக்கல் செதில் செதிலா வரும்.

டபிள்யூடி 40ங்கற ஸ்ப்ரே அந்த அளவுக்கு வில்லன் இல்ல. 1953ல அமெரிக்கா சான் டியாகோல ராக்கெட் கெமிக்கல் கம்பெனி பண்ணது, தண்ணிய வெளிய தள்ளுறதுக்குன்னே பண்ணது, அட்லஸ் ஏவுகணையோட தோல் துருப்பிடிக்காம இருக்க யூஸ் பண்ணாங்க. மழைல நனைஞ்ச துப்பாக்கிக்கு அருமை. ஆனா அதுல பெரும்பகுதி ஆவியாகிப் போயிடும், மிச்சம் இருக்கறது ரொம்ப மெல்லிசு, காசிமேடு காத்துக்கு அது பத்தாது. அடிச்சு, துடைச்சு, மேல சரியான கன் ஆயில் போடு. இல்லன்னா தையல் மிஷின் ஆயில் கூட ஓகே. தேங்கா எண்ணெய் மட்டும் வேணாம், நாளாக நாளாக பிசுக்காயிடும். தோட்டா இருக்க பக்கம் எந்த ஸ்ப்ரேயும் கூடாது, தோட்டா அடியில தீப்பொறி குடுக்குற ப்ரைமருக்குள்ள எண்ணெய் இறங்குனா வெடிக்காம போகும்.

இப்ப இருக்க பழுப்பு புள்ளிக்கு, அப்பாவ கூட வச்சுக்கிட்டு ரெண்டு பேரலும் காலியான்னு மொதல்ல பாத்துட்டு, எண்ணெய் தடவி ஒரு ராத்திரி ஊற விடு, காலைல முரட்டு காட்டன் துணியால மெதுவா தேய். பாத்திரம் தேய்க்கிற ஸ்டீல் நாரு வேணவே வேணாம். துணில சிவப்பா வந்தா துரு, கருப்பா வர ஆரம்பிச்சா நிறுத்திடு. எங்க சித்தப்பா மிலிட்டரில இருந்து வந்து வண்ணாரப்பேட்டைல பேங்க் கன்மேனா இருந்தவரு, டியூட்டி முடிஞ்சதும் கை வேர்வை பட்ட எடத்தையெல்லாம் எண்ணெய்த் துணியால ஒரு இழு இழுப்பாரு, அவ்ளோதான். பாலிஷ்னு ஒண்ணு வாங்கி நான் பாத்ததே இல்ல.

கருப்பு போயிட்டா உங்க தொட்டில ஒரு முக்கு முக்கி தர்றியான்னு கேப்பாங்க. முடியாது. லைசன்ஸ் உள்ள ஆர்ம்ஸ் ரிப்பேர் கடைதான் அத தொடணும், அது சட்டம். அதோட எங்க தொட்டி 140 டிகிரில கொதிக்கிற காஸ்டிக் சோடா, டபுள் பேரல்ல ரெண்டு குழாயையும் அதுக்கு நடுவுல நீளமா ஓடுற இரும்புப் பட்டையான ரிப்பையும் சேர்த்து வச்சிருக்கறது பெரும்பாலும் ஈய சால்டர், காஸ்டிக் அத அரிச்சிடும், ரிப் கழண்டு வரும். அதுக்கு பழைய முறைதான், வேணும்னே துரு பிடிக்க விட்டு, தண்ணில கொதிக்க வச்சு கருப்பாக்கி, திருப்பி திருப்பி பண்ணணும். நாள் எடுக்கும், காசும் ஆகும்.

துப்பாக்கியோட மரக் கட்டைக்கு சிலிக்கான் கலந்த பர்னிச்சர் ஸ்ப்ரே வேணாம், அப்புறம் எந்த வார்னிஷும் ஒட்டாது. லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், கொஞ்சமா தேய், தேய்ச்ச துணிய சுருட்டி போடாம விரிச்சு காய வை, சுருட்டுனா தானா சூடேறி தீப்பிடிக்கும்.

இன்னொண்ணு, எலெக்‌ஷன் நேரத்துல ஸ்டேஷன்ல ஒப்படைக்க சொல்வாங்கல்ல, வாரக்கணக்கா அங்கயே கெடக்கும். குடுக்கறதுக்கு முன்னாடி எண்ணெய் நல்லா தாராளமா பூசி, உறை இல்லாம குடு, லெதர் உறை ஈரத்த இழுத்து வச்சுக்கும். துரு பிடிச்ச எடத்த போன்ல ஒரு போட்டோவும் எடுத்து வச்சுக்கோ.