டீச்சரிடம் கேளுங்கள்: விண்கப்பலில் ஆளுக்கு எத்தனை அடி?

கேள்வி: விண்வெளிப் போர்க்கப்பலை வைத்து ஒரு தொடர்கதை எழுதுகிறேன். சண்டைக் காட்சிகள் தடையில்லாமல் வருகின்றன. சண்டை இல்லாத நேரத்தில் ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று எழுத உட்கார்ந்தால் பேனா நின்றுவிடுகிறது. நான் கடல் கப்பலில்கூட ஏறியதில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்தவன்.
– எஸ்.கே., பொகவந்தலாவை

பதில்: தம்பி, லயத்தில் வளர்ந்த உங்களுக்கு வராவிட்டால் இது வேறு யாருக்கு வரும்?

நான் வளர்ந்தது தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். லயத்தில் எங்களுக்கு ஒரே அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா, ஏழு பேர். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பிராத் தாத்தா இருமினால் எங்கள் தம்பி விழித்துக்கொள்வான். அங்கே நடக்கும் சண்டை, அழுகை, புதிதாகக் கல்யாணம் முடித்தவர்களின் பேச்சு எல்லாமே கேட்கும். கேட்டும் கேட்காத மாதிரி இருக்க ஆறு வயதிலேயே பழகிவிட்டோம். உங்கள் கப்பலில் இருக்கிறவர்களுக்கு முதலில் இந்தப் பழக்கத்தைக் கொடுங்கள்.

அப்பாவுக்கு இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ராத்திரி வேலை. நானும் அக்காவும் எழும்பி ஸ்கூலுக்கு வெளிக்கிடும் நேரத்தில்தான் வருவார். நாங்கள் படுத்த சாக்கில், எங்கள் சூடு ஆறுவதற்கு முன்பே அவர் படுத்துவிடுவார். ராத்திரி அந்தக் கம்பளியைப் போர்த்தினால் வாடிய கொழுந்தின் வாசம் மூக்கில் ஏறும். சில நீர்மூழ்கிக் கப்பல்களில் மூன்று பேருக்கு இரண்டு படுக்கைதான், ஒருவர் வேலைக்குப் போக, வேலை முடிந்து வந்தவர் அதே இடத்தில் படுப்பார் என்று பல வருஷம் கழித்து வாசித்தேன். அந்தக் கம்பளியின் வாசம் அப்படியே திரும்பி வந்தது. பாய்மரக் காலத்துப் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் ஒரு மாலுமி தொங்கு படுக்கை கட்ட ஒதுக்கிய அகலம் 14 அங்குலம். பாதிப் பேர் எப்போதும் காவலில் நின்றதால்தான் அந்தக் கணக்கே சரிவந்தது.

விண்கப்பலில் இடம் இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கும். சுவரை ஓரடி தள்ளிக் கட்டினால் அந்த ஓரடியையும் காற்றால் நிரப்ப வேண்டும், சூடாக்க வேண்டும், எரிபொருள் செலவழித்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதனால் முதலில் கப்பலின் படத்தை வரையுங்கள். யார் யாருக்குக் கதவு இருக்கிறது, யாருக்கு வெறும் திரை, யாருக்கு அதுவும் இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்றது தானாக வரும்.

தூக்கத்தையும் மறக்க வேண்டாம். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ என்ற விண்வெளிப் போர்க்கப்பல் தொலைக்காட்சித் தொடர், அதன் புதிய வடிவத்தில் ‘33’ என்று ஓர் அத்தியாயம். எதிரி 33 நிமிடத்துக்கு ஒருதரம் வருகிறான். ஐந்து நாளுக்கும் மேலாகக் கப்பலில் யாருக்கும் தூக்கமில்லை. சிவந்த கண், வழிக்காத தாடி, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழும் பேச்சு. குண்டு வெடிப்பதைவிட அந்த முகங்கள்தான் எனக்குப் போராகத் தெரிந்தன.

கேள்வி: கப்பலில் தண்ணீருக்கு என்ன செய்வார்கள்? குளிப்பார்களா, துணி துவைப்பார்களா?
– ஒரு வாசகி, மஸ்கெலியா

பதில்: இதைக் கேட்டது ஒரு பெண் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. தோட்டத்துத் தண்ணீர்ப் பீலிக்கரையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்து நின்றவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் வரும்.

கதைக்குப் போகுமுன் நிஜத்தைச் சொல்கிறேன். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை, மூச்சோடு வெளியேறும் ஈரம் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்திகரித்துத் திரும்பக் குடிக்கிறார்கள். 2023இல் இப்படி 98 வீதத் தண்ணீரை மீட்டுக் காட்டினார்கள். ஆனால் அங்கே துணி துவைக்க வழியில்லை. ஒரே உடுப்பைப் பல நாள் போட்டுவிட்டுக் குப்பையோடு கட்டி அனுப்புகிறார்கள், அது வளிமண்டலத்தில் எரிந்துபோகிறது. குளிப்பு என்பது ஈரத் துணியால் உடம்பைத் துடைப்பதுதான். நிலையத்தில் ஏழு பேர் இருந்தால் இது சமாளிக்கக்கூடிய விஷயம். போர்க்கப்பலில் ஆயிரம் பேர் இருந்தால் உடுப்புக்கு மட்டும் எத்தனை அறை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

காற்றும் அப்படித்தான். எடையில்லாத இடத்தில் சூடான காற்று மேலே போகாது. விசிறி நின்றுவிட்டால், தூங்குகிறவர் விட்ட மூச்சே அவர் முகத்தைச் சுற்றித் தேங்கும். தலைவலியோடு எழும்புவார். ஜன்னலில்லாத காம்பிராவில், அடுப்புப் புகைக்குள் அம்மா ரொட்டி சுட்டதைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தலைவலியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முன்னே சொன்ன தொடரிலேயே ஒருதரம் தண்ணீர்த் தாங்கி வெடித்து, சேமிப்பில் பெரும்பகுதி வெளியே போய்விடும். அன்றிலிருந்து அந்தப் பெரிய போர்க்கப்பலின் முதல் வேலை பனிக்கட்டி தேடுவது. பங்கீடு என்றதும் மற்றக் கப்பல்களில் கலவரம் கிளம்புகிறது. இதை எழுதியவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரிந்திருக்கிறது.

கேள்வி: ‘ஸ்டார் ட்ரெக்’ கப்பலில் ஆளுக்கொரு அறை, கேட்டதும் சாப்பாடு தரும் இயந்திரம். கஷ்டத்தைக் காட்டித்தான் ஆக வேண்டுமா?
– எம்., நுவரெலியா

பதில்: வேண்டும் என்றில்லை. மனிதர்கள் என்றைக்காவது அப்படி வாழலாம் என்று நினைக்கவும் ஒரு கதை வேண்டும்தானே. ஆனால் அதே உலகில் 2020இல் வந்த ‘லோயர் டெக்ஸ்’ கார்ட்டூன் தொடரில், கீழ்நிலை அதிகாரிகள் நடைபாதையோரத்தில் அடுக்குப் படுக்கையில் தூங்குகிறார்கள். எனக்கு நெருக்கமாக இருந்தது அந்த நடைபாதைதான்.

கேள்வி: விண்வெளிக் கதைகளில் கெப்டன் வருகிறார், விமானி வருகிறார், டொக்டர் வருகிறார். வேலைக்காரர்கள் எங்கே? என் அம்மா கொழுந்து எடுக்கிறவர். அவரைப் போல ஒருவரை நான் எந்தக் கப்பலிலும் பார்க்கவில்லை.
– வி.த., அக்கரப்பத்தனை

பதில்: மகள், உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன்.

இருக்கிறார்கள், தேடித்தான் பார்க்க வேண்டும். ‘வார்ஹாமர் 40,000’ என்ற விளையாட்டின் கற்பனை உலகில் கிலோமீட்டர் கணக்கில் நீளமான போர்க்கப்பல்கள் ஓடுகின்றன. அவற்றின் அடித்தட்டில் பிறந்து, அங்கேயே வேலை செய்து, நட்சத்திரத்தைக் கண்ணால் காணாமலே சாகும் தலைமுறைகள் உண்டு. பீரங்கிக்குக் குண்டு போட ஆட்களே கூட்டமாகச் சங்கிலி பிடித்து இழுக்கிறார்கள். பலர் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள்.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது 2007இல் வந்த ஒரு ‘கலாக்டிகா’ அத்தியாயம். கப்பல்களுக்கெல்லாம் எரிபொருள் சுத்திகரித்துத் தரும் கப்பல் ஒன்று. அதில் இருப்பவர்களுக்கு ஓய்வில்லை, இயந்திரம் பழசு, சிறுபிள்ளைகளும் வேலையில் நிற்கிறார்கள். அப்பா செய்த வேலையைத்தான் பிள்ளையும் செய்ய வேண்டும். விசாரிக்க வந்த போர்க்கப்பல் மெக்கானிக், கடைசியில் அவர்களோடு சேர்ந்து வேலைநிறுத்தத்தில் இறங்குகிறார். போர்க்கால ஒழுங்கு என்று தளபதி மிரட்டுகிறார். பிறகு ஜனாதிபதி பேச்சுவார்த்தைக்கு வருகிறார், தொழிற்சங்கமும் எழும்புகிறது.

நான் அதைப் பார்த்தது ஹட்டனில், மகனின் மடிக்கணினியில். ‘பிள்ளையும் அதே வேலைக்கு’ என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது, “பேர் பதிய எப்ப அனுப்பப் போற?” என்று, என்னைத் தோட்ட வேலையில் சேர்க்கச் சொல்லி, வேலையாட்களை மேய்க்கும் கங்காணி அம்மாவிடம் கேட்டார். “அவ படிக்கட்டும்,” என்று அம்மா சொன்னது காம்பிராவுக்குள் இருந்த எனக்குக் கேட்டது. சுவர் கூரை வரைக்கும் எழும்பாதது அன்றைக்கு எனக்கு நல்லதாகப் போயிற்று.

உங்கள் அம்மாவைக் கப்பலில் ஏற்றுங்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் நிற்பது, கொழுந்து நிறுவை குறைந்த நாளில் அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போடுவது, விரல் வெடிப்பில் ஏறிய கறுப்பு எத்தனை தேய்த்தாலும் போகாதது, எல்லாவற்றோடும் ஏற்றுங்கள்.

கேள்வி: இரண்டு கிரகங்களுக்கு நடுவில், கப்பலிலேயே ஒரு பிள்ளை பிறந்தால் அது எந்த ஊர்ப் பிள்ளை?
– ஆர்., பதுளை

பதில்: நம்முடைய ஆட்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 2003இல். என் தாத்தா கையில் எந்தத் தாளும் இல்லாமலே இறந்துபோனார். அவர் நட்ட தேயிலை இன்னும் கொழுந்து விடுகிறது.

இந்தக் கதையை எழுதப் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். பிள்ளை பிறந்த அன்று கப்பலின் எழுத்தர் எந்தப் புத்தகத்தைத் திறக்கிறார், அதில் ‘ஊர்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் அவர் பேனா என்ன செய்கிறது என்று எழுதுங்கள். அங்கிருந்து கதையைத் தொடங்குங்கள்.