16 கிலோமீட்டர் சுற்று, இரண்டு பிள்ளைகள், எந்த சைக்கிள்?

கேள்வி: நீர்த்தேக்கத்தைச் சுற்றி 16 கி.மீ. பாதை ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் வண்டி வாகனம் கிடையாது, இரண்டு இடத்தில் மட்டும் ரோட்டைக் கடக்க வேண்டும். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. விடுமுறையில் நால்வரும் ஒரு சுற்று வரலாம் என்று திட்டம். மகளின் சைக்கிள் சின்னதாகிவிட்டது. கடையில் கேட்டால், "24 இஞ்ச் சக்கரமுள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று வருஷம் ஓடும், 20 இஞ்ச் எடுத்தால் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும்" என்கிறார்கள். சரியா?

பதில்: கடைக்காரர் மகளை நிற்க வைத்து அளந்து பார்த்துச் சொன்னாரா, வயதைக் கேட்டுச் சொன்னாரா? வயதை வைத்துச் சொன்னதென்றால் அதை ஒதுக்கிவிட்டு, ஒரு டேப்பும் ஒரு தடித்த புத்தகமும் எடுங்கள். ஓட்டும்போது போடும் ஷூவோடு மகளைச் சுவரில் முதுகு ஒட்டி நிற்க வைத்து, புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே வைத்து இடிக்கும் வரை மேலே நகர்த்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். இந்த உள்கால் அளவுதான் முக்கியம், உயரம்கூட இரண்டாம் பட்சம். அப்புறம் கடைக்குப் போய், அந்த சைக்கிளின் சீட்டை எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்கச் சொல்லி, தரையிலிருந்து சீட்டின் மேல்பாகம் வரை அளந்து பாருங்கள். புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளைக்கு அது உள்கால் அளவுக்கு மேல் போகக் கூடாது, இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். நன்றாக ஓட்டுகிற பிள்ளை என்றால் ஐந்தாறு சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கலாம், கால்விரல்கள் ஊன்றினால் போதும். அதற்கும் மேலே போனால் அந்த சைக்கிள் இந்த வருஷத்துக்கு இல்லை.

வளர்கிற பிள்ளை என்று சட்டையைப் பெரிதாகத் தைப்பது வேறு விஷயம், தொளதொளச் சட்டை யாரையும் கீழே தள்ளாது. பிள்ளைகளோடு 16 கி.மீ. என்றால் தண்ணீர் குடிக்க, பறவை பார்க்க, எதிரே வருபவருக்கு வழிவிட, சும்மா என்று முப்பது தடவையாவது நிற்பீர்கள். பெரிய சைக்கிளில் ஒவ்வொரு தடவையும் அவள் குதித்து இறங்கி, எம்பி ஏற வேண்டும். வழியில் அழுகை வருவதற்கு இதுவே போதும்.

கடையில் இன்னும் இரண்டு சோதனை. ஒன்று, அவளை உட்கார வைத்து ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் லிவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். விரலின் முதல் மடிப்பாவது லிவரைச் சுற்றி வளைய வேண்டும், நுனிவிரல் மட்டும் தொட்டால் சரிவில் நிறுத்த பலம் வராது. பல பிரேக் லிவர்களின் அடியில் ஒரு குட்டி திருகு இருக்கும், அதைத் திருகினால் லிவர் கைப்பிடிக்குப் பக்கத்தில் வரும். கடையிலேயே திருகித் தரச் சொல்லுங்கள். இரண்டு, சைக்கிளைத் தூக்கிப் பாருங்கள். 20 இஞ்சிலேயே 8 கிலோவுக்குள் அடங்குவதும் உண்டு, 12 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. 25 கிலோ பிள்ளைக்கு 12 கிலோ சைக்கிள் என்றால் கிட்டத்தட்ட அவள் எடையில் பாதி. 60 கிலோ உள்ளவர் 30 கிலோ வண்டியை மிதிப்பது போல. முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்திருப்பதைக் கடையில் பெருமையாகக் காட்டுவார்கள். பிள்ளையின் எடைக்கு அது பெரும்பாலும் அமுங்குவதே இல்லை, சுமைதான் கூடும். மண்பாதைக்கு 1.75 இஞ்ச் அகலமுள்ள டயரே குலுக்கலைப் பாதி வாங்கிக்கொள்ளும்.

விலைதான் யோசனை என்றால், யாரோ ஒரு பிள்ளை ஓட்டி வளர்ந்துவிட்ட பழைய 20 இஞ்ச், கனமான புதிய 24 இஞ்சை விட எவ்வளவோ மேல். வாங்கும்போது சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது கூடிக் குறைந்தால் வீல் பெண்டு. சீட்டை ஒரு தடவை ஏற்றி இறக்கியும் பாருங்கள், துருப்பிடித்து இறுகிப்போன சீட்டுக் குழாய் இருந்தால் அந்த சைக்கிள் வளர்கிற பிள்ளைக்கு உதவாது.

கேள்வி: (அதே வாசகர்) மகன் பக்கத்தில் மாட்டும் துணைச் சக்கரங்களைக் கழற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. பின்னால் குழந்தை சீட் மாட்டலாமா, சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரெய்லர் வாங்கலாமா?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். பின் சீட்டுகளுக்குப் பொதுவாக 22 கிலோ வரைதான் வரம்பு. உங்கள் பையன் இப்போதே அதற்குப் பக்கத்தில் இருக்கலாம், சீக்கிரமே சீட்டை ஓரங்கட்ட வேண்டிவரும். ட்ரெய்லர் சுகமானதுதான், தூங்கிக்கொண்டே வரலாம். ஆனால் இரண்டு பிள்ளைகள் உட்காரும் ட்ரெய்லர்கள் 80 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் வரும், வண்டிகள் நுழையாமலிருக்கப் பாதை வாயிலில் நட்டிருக்கும் கம்பங்களுக்கு நடுவே நுழையுமா என்று முதலில் போய் அளக்க வேண்டும். இல்லையென்றால் வாயிலிலேயே ட்ரெய்லரைக் கழற்றித் தூக்க வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்தது இழுவைக் கம்பி. உங்கள் சீட்டுக் குழாயில் ஒரு முனை, அவன் சைக்கிளில் மறுமுனை, மாட்டினால் அவன் முன்சக்கரம் தரையை விட்டு மேலே எழும்பும். தெம்பு இருக்கும்போது தானே ஓட்டுவான், சோர்ந்தால் மாட்டி இழுக்கலாம். வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள், ஆனால் முதல் நாளே காலி மைதானத்தில் திரும்பிப் பழகிக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு ஆள் சேர்ந்தால் உங்கள் சைக்கிள் திரும்பும் விதமே மாறிவிடும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. போன வழியே திரும்பும் பாதை என்றால் பிள்ளை முரண்டு பிடித்த இடத்தில் திரும்பிவிடலாம். சுற்றுப்பாதையில் 8 கி.மீ. வந்துவிட்டால் முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே தூரம்தான். அதனால் எதையும் வாங்கும் முன் ஒரு நாள் 5 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்றும் பாருங்கள். சுற்றில் எப்படியும் ஒரு பக்கம் எதிர்காற்றுதான், அதைக் கால்கள் புதுசாக இருக்கும்போதே முடிக்கிற மாதிரி சுற்றும் திசையை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாதை தொடங்கும் இடத்திலேயே வாடகைக்கு சைக்கிள் தருகிறார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் போவோம். வாடகை போதாதா?

பதில்: போதும். பிள்ளை வீட்டுப் பக்கம் ஓட்டவே போவதில்லை என்றால் வாங்குவது வீண். ஆனால் போன் செய்து உள்கால் அளவைச் சொல்லி, அதற்கான சைக்கிள் உண்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பஞ்சர் ஆனால் யார் செலவு, தூரத்தில் பழுதானால் வந்து எடுப்பார்களா, முன்பணம் எவ்வளவு, எப்போது திருப்பித் தருவார்கள், இவற்றையும் கேளுங்கள்.

ஒரு தடவை நான் இதில் ஏமாந்திருக்கிறேன். மகளுக்கு எடுத்த வாடகை சைக்கிளில் சீட்டைப் பிடிக்கும் கிளிப் தேய்ந்திருந்தது. நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை சீட் சரசரவென்று இறங்கிவிடும், முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும், நான் இறங்கி ஏற்றிவிடுவேன். பாதிச் சுற்றுக்கு மேல் அவள் நின்றுகொண்டே மிதித்தாள். திருப்பிக் கொடுத்தபோது, "எடுக்கும்போதே பார்த்திருக்கலாமே" என்று சொல்லி, பெயிண்டில் ஒரு கீறலுக்கு முன்பணத்தில் பிடித்தமும் செய்துகொண்டார்கள். அந்தக் கீறல் எங்களுடையதா என்பதே எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் சைக்கிளை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, சீட்டைக் கையால் பலமாக அழுத்திப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சைக்கிளை நானே பூட்டினேன். இரண்டாம் நாள் இடது பெடல் கழன்று விழுந்துவிட்டது, இப்போது மாட்டினால் நிற்கவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: முதலில் பிள்ளையை அதில் ஏற்றாதீர்கள். இடது பெடலின் மறை தலைகீழ், இடப்பக்கம் திருகினால்தான் இறுகும். வலது பெடலை இடப்பக்கம் மாட்டினாலோ, தவறான திசையில் ஸ்பேனர் போட்டு முறுக்கினாலோ கிராங்கில் (பெடல் மாட்டும் கம்பியில்) உள்ள மறை அழிந்துவிடும். பெடல் முனையில் எல், ஆர் என்று பொறித்திருக்கும், பாருங்கள். எழுத்து மாறியிருந்தால் தப்பு உங்கள் பக்கம், முழுப் பணம் எதிர்பார்க்க முடியாது. கிராங்க் மட்டும் மாற்றினால் போதும். எழுத்து சரியாக இருந்தும் மறை அழிந்திருந்தால், அல்லது கூட வந்த தாளில் இந்த எச்சரிக்கையே இல்லையென்றால், மறையையும் அந்தத் தாளையும் படம் எடுத்து எழுத்தில் புகார் அனுப்புங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி கிடையாது.

கையோடு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கையும் பாருங்கள். நிறைய பேர் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டிவிடுகிறார்கள். ரிம்மைப் பிடிக்கும் வகை முன்பிரேக் என்றால் அது ஃபோர்க்குக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் ஒளிந்திருந்தால் திருப்பி மாட்டுங்கள்.

கேள்வி: 21 கியர் உள்ள சைக்கிள் நல்லதா?

பதில்: 8 வயதுக்கு வேண்டாம். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஆறு அல்லது ஏழு, அதுவே தாராளம்.

கேள்வி: அக்காவின் பழைய ஹெல்மெட்டைத் தம்பிக்குப் போடலாமா?

பதில்: அது ஒரு தடவைகூட அடிபடவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் போடலாம். உள்ளே உள்ள நுரை ஒரே ஒரு மோதலில் நசுங்குவதற்காகச் செய்தது, வெளியே விரிசல் தெரியாமலே உள்ளே வீணாகியிருக்கும். யாரென்றே தெரியாதவரிடம் பழைய ஹெல்மெட் வாங்கக் கூடாது என்பதும் இதனால்தான். புதிது வாங்கினால் உள்ளே ஈ.என். 1078 அல்லது சி.பி.எஸ்.சி. என்று பாதுகாப்புத் தர ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் உட்கார வேண்டும், தாடைப் பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். தலைக்குப் பின்னால் சரிய விட்டுக்கொண்டு போனால் நெற்றிக்குக் காவல் இல்லை.

கேள்வி: பஞ்சர் ஆனால்? வழியில் கடை எதுவும் இல்லை.

பதில்: அந்த இடத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருக்காதீர்கள், ட்யூபையே மாற்றிவிடுங்கள், ஓட்டையை வீட்டில் ஒட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு ட்யூப், டயரைக் கிளப்பும் பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு, ஒரு பம்ப். சக்கரம் நட்டில் பூட்டியதென்றால் அதற்கேற்ற ஸ்பேனரும் வேண்டும், இதை மறந்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் கொண்டுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். ட்யூப் வாங்கும்போது "20 இஞ்ச்" என்று மட்டும் கேட்காதீர்கள். 20 இஞ்ச் என்ற பெயரிலேயே, டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 406 மில்லிமீட்டரும் உண்டு, 451-ம் உண்டு. டயரின் பக்கவாட்டில் 47-406 என்பது போல எண் இருக்கும், அதைப் படம் எடுத்துக் கடையில் காட்டுங்கள். வால்விலும் கார் டயரில் வருவது போன்ற தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று என்று வகை உண்டு. பிள்ளைகளின் சைக்கிளில் ஒரு வகையும் உங்களுடையதில் இன்னொன்றும் இருப்பது சகஜம். பம்பின் வாய் இரண்டுக்கும் பொருந்துகிறதா என்று கிளம்புவதற்கு முந்தின நாளே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.