பிரஷர் டேங்கில் காற்று நிற்கவில்லை

ரெசின் வார்க்கும் டேங்கில் இரவு 40 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காற்று ஏற்றினால் காலையில் பாதிதான் இருக்கிறது என்கிறீர்கள். ஏற்றிய காற்று ஆறும்போது அழுத்தமானியின் முள் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. பாதியாவது கசிவுதான்.

10 பிஎஸ்ஐ மட்டும் ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுண்ணிய கசிவு வெள்ளையாகப் பொடிநுரை கட்டச் சில நிமிடம் ஆகும், பொறுமையாகப் பாருங்கள். எனக்குச் சந்தேகம் மூடியின் கேஸ்கெட் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) மேல்தான். காய்ந்த ரெசின் துளி ஒன்று ஒட்டியிருந்தாலே போதும். இணைப்புகளின் மரைகளில் டெஃப்லான் டேப்பைப் புதிதாகச் சுற்றுங்கள்.

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன்: உள்ளே அழுத்தம் இருக்கும்போது மூடித் திருகுகளைத் தொடவே வேண்டாம், இறுக்குவதற்குக்கூட. காற்றை முழுக்க வெளியேற்றி, வால்வைத் திறந்தே வைத்துவிட்டுக் கழற்றுங்கள். அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் சேஃப்டி வால்வு கசிந்தால் அடைக்காதீர்கள், மாற்றுங்கள். டேங்கின் உடலிலேயே குமிழி வந்தால் வெல்டிங் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.