கடலை விட்டுப் போகத்தான் படிக்க வேண்டுமா?

அம்மா, வணக்கம்.

போன வாரம் ராமநாதபுரம் உயர்கல்வி வழிகாட்டி முகாமில் உங்களோடு பத்து நிமிடம்கூட முழுதாகப் பேச முடியவில்லை. பின்னால் நீண்ட வரிசை. அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

"இருபது வருஷமா முங்கிப் பாசி எடுக்கிறேன். இவளாவது கரையில வேலை பார்க்கட்டும்னுதான் படிக்க வச்சேன். இவ திரும்பவும் கடல் படிப்புங்கிறா" என்றீர்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டீர்கள்: "கடலைப் பாதுகாக்கிற வேலைன்னா எங்கள விரட்டுற வேலைதான சார்?"

இரண்டாவது கேள்விக்குத்தான் அன்று என்னிடம் பதில் இல்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப்பாறையும் கடற்புல்லும் கடல்பசுவும் உள்ள இடம், காக்க வேண்டிய இடம்தான். ஆனால் உங்கள் மாமியார் காலத்திலிருந்து பாசி எடுத்து வந்த இடமும் அதுதான். பூங்கா வந்தபோது உங்களிடம் யார் கேட்டார்கள்? தீவுப் பக்கம் போனால் பையையும் பாசியையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று சொன்னீர்கள். அப்படி நடந்தபின் "பாதுகாப்பு" என்ற சொல்லே உங்களுக்குக் கசப்பதில் ஒரு தவறும் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் நீங்கள்தான் சொன்னீர்கள். பெண்கள் ஊர் ஊராகக் கூடிப் பேசி, மாதம் 12 நாள்தான் பாசிக்குப் போவது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். விசைப்படகுத் தடைக்காலத்தில் பாசி வளர விட்டார்கள். பாம்பன் பக்கம் சின்னப்பாலம் ஊர் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற வெளிநாட்டு அமைப்பின் பரிசு கிடைத்தது இந்த வேலைக்காகத்தான். பாசி எடுக்கும் ஒரு பெண்ணைக் கடலைக் காத்தவர் என்று அந்த அமைப்பு அழைத்துப் பாராட்டியது. எனவே கடலைப் பாதுகாப்பதும் உங்கள் உரிமையைப் பாதுகாப்பதும் எதிரெதிர் வேலைகள் அல்ல. முடிவெடுக்கும் மேசையில் உங்கள் ஊரிலிருந்து யாரும் இல்லாததுதான் சிக்கல். மகள் அந்த மேசைக்குப் போகட்டும் என்றுதான் சொல்கிறேன்.

முகாமில் உங்கள் மகள் என்னிடம் ஒன்று சொன்னாள். மரிக்கொழுந்துப் பாசியைப் பாறையோடு சுரண்டினால் அந்த இடத்தில் மறுபடி வர நாளாகும், நுனியைக் கிள்ளினால் சீக்கிரம் துளிர்க்கும் என்று. எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டேன். "அம்மா சொல்லும்" என்றாள். அந்த அறிவை அலுவலகத்தில் எடுபடும் தாளாக மாற்ற ஒரு பட்டம் வேண்டும். அவ்வளவுதான்.

சரி, எந்தப் பட்டம்? என் முதல் விருப்பம் பி.எஃப்.எஸ்சி., நான்கு ஆண்டு மீன்வளப் பட்டப்படிப்பு. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடக்கிறது. தூத்துக்குடிக் கல்லூரி 1977லேயே தொடங்கியது, உங்களுக்குப் பக்கமும் அதுதான். நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கும். மாதம் 1,000 ரூபாய் புதுமைப் பெண் உதவித்தொகை தனி. மீனவர் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டையும் விண்ணப்பத்தில் தவறாமல் குறிக்க வேண்டும். பலர் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அது மிகவும் வருத்தம். படித்து முடித்தால் டிஎன்பிஎஸ்சி வழியாக மீன்வள ஆய்வாளர் போன்ற வேலைகள் இருக்கின்றன. வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வையும் இந்தப் பட்டத்தோடு எழுதலாம். வீட்டுக்கு வருமானம் வேண்டும் என்ற உங்கள் கவலைக்கு இது நேரான பதில்.

வெறும் கடல் உயிரியல் பி.எஸ்சி.யோடு நிறுத்துவதாக இருந்தால் அதில் சேர்க்க வேண்டாம். முதுகலை, ஆராய்ச்சி என்று பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையம் வரை போகும் பொறுமையும் வசதியும் இருந்தால் மட்டும் அந்த வழி.

அவள் மெதுவாகக் கேட்ட இன்னொன்று சட்டம். நீங்கள் உடனே "வக்கீலா?" என்று சிரித்துவிட்டீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். நாகைப் பக்கம் இறால் பண்ணைகளால் வயலும் குடிநீரும் உப்பாகிப்போனபோது, காந்தியவாதி ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது கரையை ஒட்டிக் கட்டுப்பாடு உள்ள பகுதிக்குள், அந்தப் பண்ணைகள் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. அந்தத் தீர்ப்புக்குத் துணை நின்றது ஒரு அறிவியல் ஆய்வுக் குழு நேரில் பார்த்துக் கொடுத்த அறிக்கை. ஆனால் 2005இல் புதுச் சட்டம் ஒன்று வந்து, கடலோர ஒழுங்குமுறை விதி இந்தப் பண்ணைகளைக் கட்டுப்படுத்தாது என்று ஆக்கிவிட்டது. வழக்கில் வென்றவர்கள் மறுபடி முதலிலிருந்து போராட வேண்டியதாயிற்று. அறிவியல் தெரிந்தவர், சட்டம் தெரிந்தவர் இருவருமே கரையில் தொடர்ந்து தேவைப்படுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இன்றும் வேலை கிடக்கிறது. கரையில் எங்கே என்ன செய்யலாம் என்று காட்டும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் மீனவர் ஊர்களையும், மீன் காயவைக்கும் இடம் போன்ற பொது இடங்களையும் குறிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. வரைபடத்தில் உங்கள் ஊர்க் களம் வெறும் மணலாகக் காட்டப்பட்டிருந்தால், நாளை அங்கே வேறு யாராவது சுவர் எழுப்பலாம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து "இந்த இடம் விட்டுப்போச்சு" என்று சர்வே எண்ணோடு சொல்ல ஊருக்குள் ஒரு ஆள் வேண்டாமா?

ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்பு, கட்டணம் குறைவு. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: வக்கீலாகப் பதிவு செய்த முதல் சில வருடம் கையில் பெரிதாகக் காசு நிற்காது. தொண்டு நிறுவன வேலைகளும் பெரும்பாலும் ஒப்பந்தம்தான், திட்டம் முடிந்தால் சம்பளமும் நிற்கும். உங்கள் வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அதனால்தான் மீன்வளத்தை முதலிலும் சட்டத்தை இரண்டாவதாகவும் வைக்கிறேன். பி.எஃப்.எஸ்சி. முடித்துவிட்டு மூன்றாண்டு சட்டப் படிப்பும் சேரலாம், அந்தக் கதவு மூடுவதில்லை.

மகளுக்கு ஒரு பெயர் சொல்கிறேன், தேடிப் படிக்கட்டும்: சந்திரிகா சர்மா. சென்னையில் இருந்தபடி உலகம் முழுக்க உள்ள மீன்தொழிலாளர்களுக்காக, அதிலும் பெண்களுக்காக உழைத்தவர். 2014 மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானத்தில் அவரும் இருந்தார். அதே ஆண்டு ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சிறுமீனவர் உரிமைகளுக்காக ஏற்றுக்கொண்ட வழிகாட்டு நெறிகளை அவர் நினைவுக்குத்தான் அர்ப்பணித்தார்கள். கடலோடு சேர்ந்த வேலை என்பது படகு ஏறுவதும் ஆய்வகத்தில் நிற்பதும் மட்டும் இல்லை என்று அவளுக்குப் புரியும்.

சில வருடங்களுக்கு முன்வரை நானும் கடலோரப் பிள்ளைகள் எல்லோரிடமும் "வெளியே வந்துடுங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி அனுப்பிய பையன்கள் சிலர் பொறியியல் முடித்துவிட்டு ஊர் திரும்பி, படித்ததற்கு வேலையும் இல்லாமல் கடலும் பழகாமல் நின்றதைப் பார்த்தேன். அதிலிருந்து அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று, மீனவர் நலவாரிய அட்டை, எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்து வையுங்கள். அட்டையில் அவள் பெயரின் எழுத்தும் மதிப்பெண் பட்டியலில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். விண்ணப்பத்தை உட்கார்ந்து நிரப்பிவிடலாம். நீங்கள் பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து, இருவரும் வாருங்கள்.