ஸெயின் போனதாலா உடைந்தது?

கேள்வி: பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் ஒன் டைரக்‌ஷன் என்ற ஆங்கிலப் பாட்டுக்குழுவின் ரசிகை. 2015இல் ஸெயின் மாலிக் விலகியதால்தான் குழு உடைந்தது என்று இன்றுவரை அவர்மேல் எனக்குக் கோபம். அதே குழுவில் இருந்த லியாம் பெய்ன் இறந்த பிறகு அந்தப் பாட்டுகளைக் கேட்கவே முடியவில்லை. “யாரோ வெள்ளைக்காரனுக்காக அழுகிறாயே” என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இது அசட்டுத்தனமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: அசட்டுத்தனமே இல்லை. வளர்ந்த வயதில் கூடவே இருந்த குரல் அது. எஸ்.பி.பி. போனபோது உங்கள் வீட்டிலும் கண்கலங்கியிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஆனால் ஸெயின்மேல் உள்ள கோபத்தை விட்டுவிடுங்கள். 2010இல் ‘எக்ஸ் ஃபேக்டர்’ என்ற பிரிட்டிஷ் டிவி பாட்டுப்போட்டிக்குக் குழுவின் ஐவரும் தனித்தனியாக வந்தவர்கள். தனிப்பாடகர்களாகத் தேறவில்லை, நிகழ்ச்சிக்காரர்கள்தான் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். அவர்களில் ஹாரி, ஊரில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 16 வயதுப் பையன். லியாம் 14 வயதிலேயே ஒருமுறை வந்து திரும்பிப் போனவர். போட்டியில் குழுவுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2011 முதல் 2015 வரை வருஷம் தவறாமல் ஓர் ஆல்பம். முதல் நான்கும் வந்த வேகத்தில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். அதற்கு முன் எந்தக் குழுவுக்கும் வாய்க்காதது. ஊர் ஊராகக் கச்சேரி, அதற்கு நடுவே ஹோட்டல் அறையிலேயே அடுத்த ஆல்பத்துக்குக் குரல் பதிவு. வெளியே கூட்டம் என்று பாதுகாப்புக்காக அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், உள்ளே இருந்தது மினிபார் (மதுபாட்டில்கள் வைத்த சின்ன ஃபிரிட்ஜ்) என்று லியாமே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். படித்தபோது மனசு பதறிவிட்டது. பதின்வயதுப் பிள்ளைகளை அப்படி ஓட்டிய பெரியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

22 வயதுக்காரர்களைப்போல சாதாரணமாக இருக்க ஆசை என்று சொல்லிவிட்டுத்தான் ஸெயின் போனார். மற்ற நால்வரும் அதே வருஷம் அக்டோபர் 31 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கடைசிக் கச்சேரியைப் பாடிவிட்டு, பிறகு ஓய்வுக்குப் போய்விட்டார்கள். ஸெயின் இருந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம். அத்தனை களைப்பு.

2024 அக்டோபர் 16, அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் ஹோட்டல் பால்கனியிலிருந்து விழுந்து லியாம் இறந்தார். வயது 31. இறுதிச் சடங்குக்கு மீதி நால்வரும் வந்தார்கள், ஸெயின் உட்பட.

பாட்டுக்கு அவசரம் வேண்டாம். மனசு தேறும்போது ‘ஃபோர்’ ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். ஐவரும் சேர்ந்து பாடிய கடைசி ஆல்பம். குழுவில் இன்னொருவரான லூயியோடு சேர்ந்து லியாம் எழுதிய பாட்டுகளும் அதில் நிறைய உண்டு.