ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம்ப் நேரிலும் வேடிக்கையான ஆளா?

கட்டுரையைவிட நேரில் இன்னும் வேடிக்கை. ஆனால் ஓயாமல் பேசிச் சிரிக்க வைக்கிற ரகம் இல்லை. திக்குவாய். பெரிய மனிதர்கள் நீட்டி முழக்கும்வரை காத்திருந்து, திக்கித் திக்கி ஒரே வரியில் போட்டு உடைப்பார்.

1792 முதல் 1825 வரை லண்டன் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் கணக்கு எழுத்தர். வாரத்தில் ஒரு மாலை (முதலில் புதன், பிறகு வியாழன்) டெம்பிள் பகுதியிலிருந்த வீட்டில் சபை கூடும். விஸ்ட் சீட்டாட்டம்தான் பிரதானம். பந்தி கிடையாது. ஓர மேசையில் ஆறிய இறைச்சி, ஆவி பறக்கும் சுட்ட உருளைக்கிழங்கு, ஃப்ளீட் தெருக் கடையிலிருந்து தருவித்த போர்ட்டர் பீர் பெரிய கூஜாவில். பசித்தவர் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். கேப்டன் குக்கோடு கடலோடிய ஜேம்ஸ் பர்னி அங்கே வாடிக்கை. அவர் மகன் மார்ட்டினின் கையைப் பார்த்து, "அழுக்குதான் துருப்புன்னா உன் கையில என்னமா சீட்டு இருக்கும்!" என்றாராம் லாம்ப்.

உபசரிப்பு அக்கா மேரி. 1796இல் சித்தம் கலங்கித் தாயைக் கத்தியால் குத்திக் கொன்றவர். அவருக்குப் பொறுப்பேற்ற தம்பி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நோய் திரும்பும் அறிகுறி தெரிந்தால் லாம்பே அக்காவை மனநலக் காப்பகத்துக்கு அழைத்துப் போவார். இதை மறந்துவிட்டு அவருடைய கோமாளித்தனத்தை மட்டும் பார்த்தால் ஆள் பாதிதான் தெரிவார்.

அவரைக் கெடுத்தது குடி. 1817 டிசம்பர் 28, ஓவியர் ஹேடன் வீட்டு விருந்து. கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த், கீட்ஸ் எல்லாரும் இருக்கிறார்கள். முத்திரை வரித் துறை மேலதிகாரி ஒருவரும் வந்து சேர்ந்தார். அதே துறையில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் வேர்ட்ஸ்வொர்த்; தர்மசங்கடம் புரியும். அதிகாரி ரொம்ப சீரியஸாக, "மில்டன் பெரிய மேதை இல்லையா?" என்று ஆரம்பித்தார். கணப்பருகே தூங்கி வழிந்த லாம்ப் எழுந்து மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு போய், "ஐயா, உங்க மண்டை மேடுபள்ளத்தைக் கொஞ்சம் பாத்துக்கலாமா?" என்றார். மண்டையைத் தடவிக் குணம் சொல்வது அன்றைய மோஸ்தர். கூடவே ஒரு குழந்தைப் பாட்டு வேறு. வேர்ட்ஸ்வொர்த் பதறிப்போய் அதட்டியும் பலனில்லை. ஹேடனும் கீட்ஸும் லாம்பைப் பக்கத்து ஓவிய அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளேயிருந்தும் சத்தம் ஓயவில்லை: "யாரு அந்த ஆளு? இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்!"