நெஞ்செரிச்சலுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? கேள்வி பதில்

பல்லடத்திலிருந்து ஒரு தறிக்காரர்: இழை அறுந்து, குனிந்து முடிபோடும்போதெல்லாம் புளித்த தண்ணி தொண்டைவரை ஏறுகிறது. மூன்று வருடத்தில் 9 கிலோ கூடிவிட்டேன். அதுதான் காரணமா?

பெரும்பாலும் அதுதானுங்க. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் சுருக்குப்பை வாய் மாதிரி ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், அப்புறம் மூடிக்கொள்ளும். தொப்பைக்குள் கொழுப்பு சேரச் சேர இரைப்பைமேல் அழுத்தம் கூடும். குனிந்தால் இன்னும் கூடும். வளையம் தாங்காமல் விட்டுவிட, அமிலம் மேலே வருகிறது. சிலருக்கு இரைப்பையின் மேல்முனையே உதரவிதானத்தை, அதாவது மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையைத் தாண்டி மார்புக்குள் ஏறி நிற்கும். ஹயாடல் ஹெர்னியா என்பார்கள். உடம்பு பெருத்தவர்களுக்கு அது வர வாய்ப்பு அதிகம். வேட்டி பெல்ட்டை இன்றைக்கே ஒரு ஓட்டை தளர்த்துங்கள்.

கோபியிலிருந்து ஒரு அம்மா: நான் குண்டே இல்லை. எனக்கு ஏன் வருகிறது?

கல்யாணத்தின்போது எவ்வளவு இருந்தீர்கள், இப்போது எவ்வளவு? அதைப் பாருங்கள் அம்மணி. அமெரிக்கச் செவிலியர்களிடம் நடத்தி 2006இல் வெளியான பெரிய ஆய்வில், இயல்பான எடைக்காரர்களுக்கும் பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வரும் எண்) 3.5க்கு மேல் ஏறியபோது தொல்லை கூடியிருந்தது. 155 செ.மீ. உயரத்துக்கு அது எட்டரைக் கிலோதான். அதே அளவு இறங்கியவர்களுக்குத் தொல்லை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்திருந்தது. நம் ஆட்களுக்கு பிஎம்ஐ 23 ஆனாலே அதிக எடைதான். பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 செ.மீ. தாண்டக்கூடாது. பாவாடை நாடா தடம் பதிகிற அளவுக்கு இறுக்கிக் கட்டாதீர்கள்.

ஈரோடு: கொள்ளு ரசம் குடித்தால் எடை இறங்குமாமே?

'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதை நம்பித்தானே கேட்கிறீர்கள்! கொள்ளு நல்ல சாப்பாடு, பசி தாங்கும். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றி இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, மேலே ஒரு டம்ளர் ரசம் குடித்தால் எப்படி இறங்கும்? சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் கொள்ளுப் பருப்பை வையுங்கள். புளியும் மிளகும் தூக்கலான ரசம் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும்.

திருப்பூர்: பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். வந்ததும் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன்.

சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள். இடப்பக்கம் படுப்பது நல்லது. தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கல் வையுங்கள்.

காங்கேயம்: கேஸ் மாத்திரை போட்டால் போதாதா?

அது அமிலத்தைக் குறைக்கும், தொப்பையின் அழுத்தத்தைக் குறைக்காது. விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, முயற்சியே இல்லாமல் எடை இறங்கினாலோ சந்தோஷப்பட வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலியோடு வியர்த்தால் கேஸ் என்று உட்கார்ந்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.